பெரிய மென்பொருள் நிறுவன நேர்காணலுக்கு நெல்லையிலிருந்து தயாராவது எப்படி

சென்ற ஆண்டு அம்பாசமுத்திரம் பக்கத்துத் தம்பி ஒருவர் என்னிடம் மாதிரி நேர்காணலுக்கு அமர்ந்தார். கேள்வியைத் திரையில் போட்டேன். அவர் அதைப் படித்தார், பதினோரு நிமிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை, பிறகு இருபது வரிகளில் பிழையில்லாத நிரலை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். விடை சரியாகத்தான் இருந்தது. ஆனால் என் நோட்டில் நான் எழுத முடிந்தது ஒரே வரிதான்: "விடை சரி, எந்த வழியில் வந்தார் என்று தெரியவில்லை." அந்த வரியை அவரிடம் காட்டியபோது அவர் முகம் வாடிவிட்டது. மூன்று மாதம் நாள் தவறாமல் உழைத்தவர் அவர்.

பெரிய நிறுவனங்களின் நேர்காணலில் பலரும் அறியாமல் விட்டுவிடுவது இதைத்தான். உங்களைக் கேள்வி கேட்பவர் அந்த நாற்பத்தைந்து நிமிடம் முடிந்ததும் ஒரு விரிவான குறிப்பு எழுத வேண்டும். உங்களை எடுப்பதா வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் அவர் ஒருவரிடம் இல்லை. கூகுளில், உங்களை நேர்காணல் செய்யாத வேறு பொறியாளர்கள் அடங்கிய குழு ஒன்று இந்தக் குறிப்புகளைப் படித்து முடிவெடுக்கும் முறை நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் படிக்கப்போகும் அந்தத் தாளில் எழுதப்படுவதற்கான வாக்கியங்களை நீங்கள்தான் உங்கள் வாயால் எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் தயாரிப்பு முழுவதும் அதை மனத்தில் வைத்தே அமைந்தது.

என்னென்ன சுற்றுகள் இருக்கும்

நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறினாலும் பொதுவான அமைப்பு ஒன்றுதான். முதலில் ரெஸ்யூம் வடிகட்டப்படும். அடுத்து இணையவழித் தேர்வு ஒன்று, அல்லது காணொளி வழியாக ஒரு நிரல் எழுதும் சுற்று. அதில் தேறினால் நான்கைந்து சுற்றுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம். புதிதாகப் படித்து வருபவர்களுக்கு அவற்றில் பெரும்பாலானவை நிரல் எழுதும் சுற்றுகளாகவும் ஒன்று அனுபவக் கேள்விகளாகவும் இருக்கும். சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கு, பலர் பயன்படுத்தும் பெரிய மென்பொருளை எப்படி அமைப்பது என்று கேட்கும் சிஸ்டம் டிசைன் சுற்றும் சேரும்.

ரெஸ்யூம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். தந்தை பெயர், மதம், திருமண நிலை, "மேற்கண்டவை உண்மையென உறுதி கூறுகிறேன்" என்ற உறுதிமொழி ஆகியவை நம் ஊர் பயோடேட்டாவில் வழிவழியாக வருபவை. இங்கே அவற்றுக்கு இடமில்லை. நீங்கள் செய்த புராஜெக்டுகளைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரியையும் "இதைப் பற்றிப் பத்து நிமிடம் கேட்டால் பேசுவேனா" என்று சோதித்துப் பார்த்து, பேச முடியாததை நீக்கிவிடுங்கள். உங்கள் கல்லூரியில் படித்துப் பெங்களூரிலோ ஐதராபாத்திலோ வேலை பார்க்கும் மூத்தவர்கள் இருப்பின் அவர்களிடம் பரிந்துரை கேட்பதில் தவறொன்றும் இல்லை. வேலை எண், ரெஸ்யூம், உங்களைப் பற்றி மூன்று வரி, இவ்வளவும் முதல் செய்தியிலேயே இருந்தால் அவர்களுக்கும் எளிது. ஆனால் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். இந்த நிறுவனங்கள் எந்தக் கட்டத்திலும் விண்ணப்பதாரரிடம் பணம் பெறுவதில்லை.

தரவமைப்புகளை முதலில் தமிழில் விளங்கிக்கொள்ளுங்கள்

நம் பிள்ளைகள் பலர் டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தை ஆங்கில வரையறைகளாக மனப்பாடம் செய்து தேர்வு எழுதி வந்தவர்கள். வரையறை தெரியும், எப்போது எதை எடுப்பது என்பது கைவராது. இதற்கு நான் கண்ட நல்ல வழி, ஒவ்வொன்றையும் வீட்டில் இருக்கும் ஒருவருக்குத் தமிழில் விளக்கிப் பார்ப்பது.

ஹேஷ் மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி கடையில் பற்று நோட்டு இருக்கிறது. வந்தவர்களின் பெயரை வரிசையாக எழுதிக்கொண்டே போனால், ஒருவர் பாக்கி எவ்வளவு என்று பார்க்க முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும். பெயரின் முதல் எழுத்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கிவிட்டால் நேரே அந்தப் பக்கத்துக்குப் போய்விடலாம். பெயரிலிருந்து பக்க எண்ணைக் கண்டுபிடிக்கும் அந்த விதிதான் ஹேஷ் ஃபங்ஷன். ஆனால் நம் பக்கத்தில் இசக்கிமுத்து, இசக்கியம்மாள், இசக்கிராஜ், சுடலைமுத்து, சுடலைமணி, சுப்பையா என்றே பாதி ஊர் இருக்கும். "இ" பக்கமும் "சு" பக்கமும் வழிய, "ஔ" பக்கம் காலியாகக் கிடக்கும். வழியும் பக்கத்தில் மறுபடியும் வரிவரியாகத் தேட வேண்டியதாகிறது. கொலிஷன் என்பது இதுதான். நல்ல ஹேஷ் ஃபங்ஷன் பெயர்களை எல்லாப் பக்கங்களுக்கும் பரவலாகப் பிரித்துவிட வேண்டும் என்பதற்கும், சராசரியில் விரைவாக இருக்கும் தேடல் மோசமான நிலையில் முழு நோட்டையும் புரட்டும் அளவுக்குப் போய்விடும் என்பதற்கும் காரணம் இதுவே. இதை உங்கள் அம்மாவுக்குப் புரியும்படி சொல்லிவிட்டீர்களென்றால், கேட்பவர் எந்த மூலையிலிருந்து துருவினாலும் தடுமாற மாட்டீர்கள்.

ஒரு வேரிலிருந்து கிளை கிளையாகப் பிரியும் அமைப்பான ட்ரீக்குத் தாமிரபரணியே போதும். கடலில் கலக்கும் புன்னைக்காயலை வேராக வைத்து மேல்நோக்கிப் பாருங்கள். சீவலப்பேரியில் சிற்றாறு வந்து சேர்கிறது. அதற்கு மேலே திருப்புடைமருதூரில் கடனாநதி. இன்னும் மேலே மணிமுத்தாறு, சேர்வலாறு. ஓரிடத்தில் எவ்வளவு நீர் போகிறது என்று அறிய, அதற்கு மேலே பிரியும் ஒவ்வொரு கிளையிடமும் அதே கேள்வியைக் கேட்டு, வந்த விடைகளைக் கூட்ட வேண்டும். மேலே கிளையே இல்லாத ஊற்றுக்கு வந்ததும் கேள்வி நின்றுவிடும். ரிகர்ஷன் என்பதும், அது நிற்பதற்கான அடிப்படை நிலை என்பதும், கிளைகளை முதலில் முடித்துவிட்டுத் தன்னைக் கணக்கிடும் போஸ்ட் ஆர்டர் முறை என்பதும் இந்த ஒரே படத்தில் அடங்கிவிடுகின்றன. இனி, அணைக்கட்டில் பிரிந்த கால்வாய் ஒரு குளத்தை நிரப்பி, அது மறுகால் பாய்ந்து மீண்டும் ஆற்றிலேயே சேர்கிறது என்று வையுங்கள். இப்போது ஒரே இடத்துக்கு இரண்டு வழிகள் வந்துவிட்டன. இது ட்ரீ அல்ல, கிராஃப். வந்துபோன இடத்தைக் குறித்துவைக்காவிட்டால் ஒரே இடத்தை இருமுறை கணக்கில் சேர்ப்பீர்கள். கிராஃப் நிரலில் "விசிட்டட்" என்ற குறிப்பு எதற்கு என்று நான் கேட்கும்போது பலர் "அப்படித்தான் எழுத வேண்டும்" என்கிறார்கள். மறுகாலை நினைத்துக்கொண்டவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

அர்ரே, ஸ்ட்ரிங், லிங்க்டு லிஸ்ட், ஸ்டாக், கியூ, ஹீப், வரிசைப்படுத்தல், பைனரி செர்ச் ஆகியவற்றையும் இப்படியே நடத்திவிட்டு, டைனமிக் புரோகிராமிங்கைக் கடைசிக்கு வையுங்கள். பாடமாகக் கேட்டுப் படிக்க விரும்புவோருக்குச் சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தான் என்ற நிரல் மொழியில் நடத்திய பாடம் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மொழி எதுவானாலும் சரி. ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள்.

ஒரு கேள்வியை நடத்திச் செல்வது

"ஒரு பட்டியலில் எண்கள் உள்ளன, கூட்டினால் 500 வரும் இரண்டைக் கண்டுபிடி" என்று கேட்கிறார்கள் என்று கொள்வோம். விசைப்பலகையில் கைவைக்கும் முன் கேள்வியை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு ஐயங்களைக் கேளுங்கள். பட்டியலில் எத்தனை எண்கள் இருக்கலாம்? எதிர்ம எண்கள் உண்டா? ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருந்தால் எதைத் தருவது? 250 ஒருமுறைதான் இருக்கிறதென்றால் அதையே இருமுறை எடுக்கலாமா? நம் வகுப்பறைகளில் கேள்வி கேட்பவன் பாடம் விளங்காதவன் என்று வளர்ந்துவிட்டோம். இங்கே நிலைமை நேர்மாறானது; இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் அவருடைய குறிப்பில் உங்களுக்குச் சாதகமாக ஏறும் வரி.

அடுத்து, எளிய வழியை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்க்கலாம். பட்டியலில் ஒரு லட்சம் எண்கள் இருந்தால் ஏறத்தாழ 500 கோடி இணைகள் வரும், அது தாங்காது. வரிசைப்படுத்திக்கொண்டு இரு முனையிலிருந்தும் நகர்ந்தால் வரிசைப்படுத்தும் செலவு பதினேழு லட்சம் ஒப்பீடுகள் அளவில் முடியும். பார்த்த எண்களை ஹேஷ் மேப்பில் போட்டுக்கொண்டே போனால் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடலாம். அதற்குக் கூடுதல் நினைவகம் வேண்டும். நான் மூன்றாவதை எழுதட்டுமா?" இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அவர் தலையசைத்த பிறகு எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் "முடிந்தது" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். 120, 340, 75, 160, 425 என்று ஒரு சிறு பட்டியலை எடுத்து, வரிவரியாக நீங்களே கணினியாக இருந்து ஓட்டிக் காட்டுங்கள். 120 வந்தது, 380 தேவை, இல்லை, 120ஐச் சேர்க்கிறேன். 340 வந்தது, 160 தேவை, இல்லை, சேர்க்கிறேன். 75 வந்தது, 425 தேவை, இல்லை, சேர்க்கிறேன். 160 வந்தது, 340 தேவை, இருக்கிறது. முதலில் தேடி, பிறகு சேர்க்கிறோம் என்பதால் ஒற்றை 250 தன்னோடு தானே சேராது என்பதையும் சொல்லுங்கள். பல நிறுவனங்களில் நிரலை ஓட்டிப் பார்க்கும் வசதி இல்லாத வெறும் எழுத்துப் பலகையைத்தான் தருவார்கள் என்பதால், இப்படிக் கையால் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் சிறு பிழையைக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடிப் போவார்.

ஓரங்களில் கிடக்கும் பிழைகளைத் தேடுவது ஒரு தனிப் பயிற்சி. வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி செர்ச்சில் நடுவிடத்தைக் காண இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். 32 பிட் முழு எண்ணின் உச்சம் 214,74,83,647; அந்தக் கூட்டல் இதைத் தாண்டினால் விடை எதிர்ம எண்ணாகிவிடும். ஜாவா மொழியின் நூலகத்திலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் இருந்ததை 2006ஆம் ஆண்டு பொறியாளர் ஜோஷுவா பிளாக் வெளிப்படையாக எழுதினார். தொடக்கம் + (முடிவு − தொடக்கம்) / 2 என்று எழுதினால் சிக்கல் தீர்ந்தது.

இன்னொன்று நம் மொழியிலேயே இருக்கிறது. "ஒரு சொல்லைத் திருப்பிப் போடு" என்பது மிக எளிய கேள்வி. "நெல்லை" என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். நமக்கு நெ, ல், லை என்று மூன்று எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ந, எகரக் குறி, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி என ஆறு. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் பதினெட்டு பைட்டுகள். பைத்தானில் நீளம் கேட்டால் 6 என்று வரும். அப்படியே திருப்பினால் முதலில் ஐகாரக் குறி ஒட்ட இடமின்றித் தனித்து நிற்கும், பிறகு ல், லெ, ந என்று உருக்குலைந்து வரும். "உள்ளீடு ஆங்கில எழுத்துகள் மட்டுமா, தமிழ் போன்ற எழுத்துகளும் வருமா?" என்று ஒரு தமிழர் கேட்பது எவ்வளவு இயல்பானது! எனினும் பயிற்சிக்கு வந்தவர்களில் மிகச் சிலரே அதைக் கேட்டிருக்கிறார்கள்.

பயிற்சியின் அளவு

நிரல் கேள்விகளைப் பயிலும் லீட்கோடு தளத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் உள்ளன. எண்ணிக்கையைத் துரத்துவதில் பயனில்லை. நடுத்தரக் கடினத்தில் நூற்றைம்பது கேள்விகளை முறையாகச் செய்தவர், ஐந்நூறு விடைகளைப் பார்த்து முடித்தவரைவிடத் தெளிவாக இருப்பதையே நான் கண்டிருக்கிறேன். முறையாக என்றால், நாற்பது நிமிடம் தாமே முயன்று, முடியாவிட்டால் விடையைப் படித்து, மூடிவைத்துவிட்டு எழுதி, பத்து நாள் கழித்து மறுபடியும் ஒன்றும் பார்க்காமல் எழுதுவது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை அந்த நாற்பது நிமிடத்துக்குப் பிறகு ஆசிரியரைப் போலப் பயன்படுத்துங்கள். நேர்காணலுக்குள் அனுமதியின்றி அவற்றைத் தொடவே கூடாது. வேலைக்குப் போய்க்கொண்டே தயாராகிறவருக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் வீதம் மூன்று மாதம் தேவைப்படும் என்பது என் கணிப்பு.

அந்த இரண்டு மணி நேரத்தில் அரை மணியாவது வாய்க்குக் கொடுங்கள். கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டே எழுதிப் பழகுங்கள். வாரம் ஒருமுறை நண்பர் ஒருவரைக் கேட்பவராக அமர்த்தி, முடிந்ததும் அவர் பத்து வரியில் குறிப்பு எழுதித் தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதைப் பாருங்கள். அம்பாசமுத்திரத் தம்பிக்கு நான் சொன்னதும் இதுதான். முதல் வாரம் அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஐந்தாவது வாரத்தில் அவருடைய தோழர் எழுதிய குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டியது.

ஆங்கிலம் குறித்த அச்சம் பெரிதாக இருக்கிறது, தமிழ்வழியில் படித்தவர்களிடம் மிகுதியாகவே. நேர்காணல் ஆங்கிலத்தில்தான் நடக்கும்; ஆனால் அங்கே மதிப்பிடப்படுவது உச்சரிப்பு அல்ல. ஐந்தாறு சொற்களில் முடியும் சிறு வாக்கியங்கள் போதும். முதலில் தமிழில் விளக்கிப் பதிவு செய்து, அதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் சொல் கிடைக்கவில்லையோ அதை மட்டும் எழுதிவைத்துப் பழகினால் இரண்டு மாதத்தில் வேறுபாடு தெரியும். கேட்பவரை "சார்", "மேடம்" என்று அழைக்க வேண்டியதில்லை. அங்கே எல்லோரும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். பெயர் சொல்ல மனம் வராவிட்டால் எதுவும் சொல்லாமல் பேசினாலும் குறையில்லை. விடைக்கு வழிகாட்டும்படி அவர் ஒரு குறிப்புக் கொடுத்தால் அதை மறுக்காமல், உடனே தலையாட்டிவிடவும் செய்யாமல், "அப்படியானால் இந்த இடம் மாறும்" என்று அதைத் தொடர்ந்து யோசியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்ததிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியும் என்று காட்டுங்கள்.

"நாங்கள்" என்னும் சொல்

அனுபவக் கேள்விகளைப் பலர் கடைசி நாளுக்கு ஒத்திப்போடுகிறார்கள். அமேசான் தன் பதினாறு தலைமைப் பண்புகளை வெளிப்படையாகவே வெளியிட்டு, அவற்றை ஒட்டியே கேள்விகளைக் கேட்கிறது. கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள், தவறு நேர்ந்தபோது எப்படிச் சமாளித்தீர்கள் என்பவை எங்கும் வரும். உங்கள் வாழ்வில் உண்மையாக நடந்த ஆறேழு நிகழ்ச்சிகளை எடுத்து, நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, செய்தது என்ன, விளைவு என்ன என்று எழுதி வையுங்கள்.

இங்கே நம் பண்பாடே ஒரு தடையாக வந்து நிற்கிறது. தன்னை முன்னிறுத்திப் பேசுவது அழகல்ல என்று வளர்க்கப்பட்டதால், நாம் எதைச் சொன்னாலும் "நாங்கள் செய்தோம்" என்றே சொல்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது நிவாரணப் பொருள்களைப் பிரித்தனுப்பும் பணியில் நீங்கள் நின்றிருக்கலாம். எந்தத் தெருவுக்கு என்ன தேவை என்ற பட்டியலை ஒரே விரிதாளில் சேர்த்து, ஒரே வீட்டுக்கு இருமுறை போவதைத் தடுத்தவர் நீங்களாக இருக்கலாம். "நாங்கள் உதவினோம்" என்றால் கேட்பவரால் உங்களைப் பற்றி எதுவும் எழுத முடியாது. "பட்டியலை நான் அமைத்தேன், பொருள்களை நண்பர்கள் கொண்டுபோனார்கள்" என்று சொல்வது தற்பெருமை ஆகாது, கணக்கைச் சரியாகச் சொல்வதாகும்.

சிஸ்டம் டிசைன் சுற்றைத் தனிக் கட்டுரையில்தான் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நெல்லை எக்ஸ்பிரஸின் படுக்கை வகுப்புக்குக் காலை 11 மணிக்குத் தட்கல் திறக்கும்போது, ஒரே படுக்கையை இருவர் ஒரே நொடியில் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். யாருக்காகப் பூட்டுவது, பணம் வரும்வரை எத்தனை நிமிடம் பூட்டி வைப்பது, பணம் போய்ச் சீட்டு கிடைக்காதவருக்கு என்ன செய்வது? இந்த மூன்றுக்கும் தாளில் விடை எழுதினால் அந்தச் சுற்றின் பாதி உள்ளடக்கம் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

அந்த நாள்

வீட்டிலிருந்தே பேசுவதென்றால், மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். வீட்டு இணையம் ஒரு நிறுவனத்துடையது என்றால் கைபேசி இணைப்பு வேறொன்றாக இருக்கட்டும். ஊரில் கோயில் கொடை நடக்கும் வாரத்தில் ஒலிபெருக்கிக்கு நடுவே நேர்காணலுக்கு உட்கார வேண்டாம். பாளையங்கோட்டையில் உறவினர் வீட்டில் ஓர் அறை கேளுங்கள், அல்லது தேதியை மாற்றித் தரும்படி மூன்று நாள் முன்பே எழுதிக் கேளுங்கள். இத்தகைய வேண்டுகோளைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். மேசையில் தண்ணீர், வெள்ளைத்தாள், பேனா. வீட்டாரிடம் ஒரு மணி நேரம் கதவைத் தட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், நினைவு மங்குவதற்கு முன், கேட்கப்பட்டவற்றையும் நீங்கள் சொன்னவற்றையும் எங்கே வாயடைத்து நின்றீர்கள் என்பதையும் உங்களுக்காக மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நிறுவனம் கேட்ட கேள்விகளை வெளியே பரப்ப வேண்டாம். கிடைக்கவில்லை என்று மின்னஞ்சல் வந்தால், மீண்டும் எப்போது விண்ணப்பிக்கலாம் என்று அவர்களிடமே கேட்டுத் தேதியைக் குறித்துக்கொண்டு, அடுத்த பயிற்சியை அந்த நோட்டில் வாயடைத்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.